டில்ட் ஸ்டீரிங் காலத்தைக் கழற்றிவிட்டு நிலையானதைப் பொருத்தலாமா?

கேள்வி இதுதான். ஒன்பது ஆண்டு ஓடிய சிறிய ஹேட்ச்பேக் கார், டாப் மாடல். ஸ்டீரிங்கை உயர்த்தவும் தாழ்த்தவும் உதவும் டில்ட் லீவர் இப்போது பிடிப்பதில்லை. வேகத்தடையில் ஏறி இறங்கினால் ஸ்டீரிங் வீல் தானாகத் தொடைவரை இறங்கிவிடுகிறது. கம்பெனி சர்வீஸில் முழு ஸ்டீரிங் காலத்தையும் (ஸ்டீரிங் வீலைத் தாங்கும் குழாயும் அதனுள் சுழலும் தண்டும் சேர்ந்த பாகம், ஆங்கிலத்தில் column) புதிதாக மாற்ற வேண்டும் என்று பெரிய தொகை சொல்லியிருக்கிறார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, இதே காரின் பேஸ் மாடலில் டில்ட் வசதி கிடையாது, அதன் ஸ்டீரிங் காலத்தைச் சென்னைப் புதுப்பேட்டையில் பழைய உதிரிபாகமாக வாங்கிப் போட்டுவிட்டால் இனி இந்தத் தொல்லையே இல்லை என்கிறார். அவர் சொல்வதைக் கேட்கலாமா?

சில நிபந்தனைகளோடு செய்யலாம். ஆனால் அந்த நிபந்தனைகளை எல்லாம் நிறைவேற்றினால் மெக்கானிக் சொன்ன விலையில் வேலை முடியாது. அதைவிட முக்கியமாக, பாதிக்கு மேற்பட்ட கார்களில் ஸ்டீரிங் காலத்தை மாற்றவே வேண்டியிருக்காது. ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன். (பட்டறையில் நாங்கள் இதை வெறுமனே 'காலம்' என்றுதான் சொல்வோம். எழுத்தில் படித்தால் வேறு பொருள் வந்துவிடும் என்பதால் முடிந்தவரை ஸ்டீரிங் காலம் என்று முழுதாகவே எழுதுகிறேன்.)

முதலில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்பதைப் பிரித்தறிய வேண்டும். காரைச் சமதரையில் நிறுத்தி, லீவரைப் பூட்டிய நிலையில், ஸ்டீரிங் வீலை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். அப்போது ஆட்டம் தெரிந்தால் குறை, காலத்தைப் பிடித்து நிறுத்தும் டில்ட் பிராக்கெட்டில் இருக்கிறது. உங்களை நோக்கி இழுத்துத் தள்ளும்போது டக் டக்கென்று சத்தம் வந்தால் காலத்தின் உள்ளே இருக்கும் பேரிங் அல்லது புஷ் தேய்ந்திருக்கும். அல்லது பின்னால் நான் சொல்லப்போகும் பிளாஸ்டிக் ஊசிகள் உடைந்திருக்கும். இடம் வலமாக மெல்லத் திருப்பும்போது டயர் அசைவதற்கு முன்பே வீல் மட்டும் சும்மா சுற்றினால் அது காலத்தின் குற்றமே அல்ல. கீழே தண்டுகளை வளைவாக இணைக்கும் கிராஸ் ஜாயிண்ட்டையோ, தண்டின் சுழற்சியை இடம் வல அசைவாக மாற்றும் ரேக்கையோ, அந்த அசைவை டயருக்குக் கொண்டுபோகும் டை ராடு முனைகளையோ பார்க்க வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 98-ஆவது விதி, ஸ்டீரிங் வீலில் இந்தச் சும்மா சுற்றும் அளவு 30 பாகையைத் தாண்டக் கூடாது என்கிறது. அது சட்டம் பொறுத்துக்கொள்ளும் கடைசி எல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒரு சிறிய காரில் அதில் ஒரு சிறு பங்குகூட இருக்காது. டில்ட் ஆட்டத்தையும் சுழற்சி ஆட்டத்தையும் ஒன்றென்று நினைத்து ஸ்டீரிங் காலத்தை மாற்றி, பணம் செலவழித்த பிறகும் கார் அதேபோல அலைகிறது என்று திரும்பி வந்தவர்களை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

நீங்கள் சொல்லும் அடையாளங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் குறை முதல் வகையைச் சேர்ந்தது. அதன் அமைப்பு மிகவும் எளியது. ஸ்டீரிங் காலம் கீழ்முனையில் ஒரு கீல்போல ஊன்றியிருக்கிறது. மேல்பகுதியில், டேஷ்போர்டுக்கு அடியில், நீள்துளை போட்ட இரண்டு தகடுகளுக்கு நடுவே அது நிற்கிறது. அந்தத் தகடுகளையும் காலத்தையும் குறுக்காகத் துளைத்துக்கொண்டு ஒரு நீண்ட போல்ட் போகிறது. லீவரை இழுத்துப் பூட்டும்போது ஒரு கேம் (சுழன்றால் நெருக்கும் மேடுள்ள துண்டு) அந்தப் போல்ட்டை இறுக்க, தகடுகள் இரண்டும் காலத்தை நெருக்கிப் பிடிக்கின்றன. பல சிறிய கார்களில் பல்லும் கொக்கியும் கிடையாது. உராய்வு மட்டும்தான் பூட்டு. ஆகவே அந்தப் போல்ட்டின் நட் கால் சுற்று தளர்ந்தாலும், உராயும் முகங்கள் தேய்ந்து வழவழப்பாகிவிட்டாலும் பிடி போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு, அது நாமே தேடிக்கொள்வது: லீவர் கடினமாக இருக்கிறதே என்று யாரோ நல்லெண்ணத்தோடு துரு நீக்கும் ஸ்பிரேயை அந்த இடுக்கில் அடித்திருப்பார். உராய்வால் பிடிக்க வேண்டிய இடத்தில் எண்ணெய் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எனவே முதலில் கீழ்க்கவரைக் கழற்றி, அந்தத் தகடுகளை எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடைத்து, லீவரின் நட்டைக் கம்பெனிக் கையேடு சொல்லும் முறையில் சரிசெய்து பார்க்கச் சொல்லுங்கள். பூட்டும்போது கைக்கு நல்ல அழுத்தம் தெரிய வேண்டும். பூட்டிய பிறகு வீலைப் பிடித்து அழுத்தினால் அசையக் கூடாது. அந்த நட் பெரும்பாலும் தானே பூட்டிக்கொள்ளும் வகை என்பதால், கழற்றினால் புதியதைத்தான் போட வேண்டும். லீவரைத் திறந்தவுடன் வீல் தொப்பென்று விழுவது மட்டும்தான் குறை, பூட்டினால் நிற்கிறது என்றால், காலத்தைத் தாங்கும் ஸ்பிரிங் கழன்றிருக்கும் அல்லது அறுந்திருக்கும். அதற்கு ஸ்டீரிங் காலத்தை மாற்றச் சொல்பவரிடம் இரண்டாவது முறை போகாதீர்கள். இவை எதுவும் பலிக்காமல் நீள்துளையே அகன்றுபோயிருந்தாலோ பிராக்கெட் வளைந்திருந்தாலோ, அதன் பிறகுதான் மாற்றுவதைப் பற்றிய பேச்சு வருகிறது.

இந்த இடத்தில் பலர் தேடும் மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. வசதியான உயரத்தில் வைத்து இரண்டு இடத்தில் வெல்டிங் டேக் (சிறு பற்றவைப்பு) அடித்துவிட்டால் டில்ட் காலமே நிலையான காலமாகிவிடுமே என்பது அந்த யோசனை. இதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். காரணம் புரிய வேண்டுமானால் ஸ்டீரிங் காலத்தின் இரண்டாவது வேலையை அறிந்துகொள்ள வேண்டும்.

பழைய கார்களில் ஸ்டீரிங் காலம் என்பது முன்பக்கத்திலிருந்து ஓட்டுநரின் நெஞ்சை நோக்கி நிற்கும் ஒரே இரும்புத் தடி. கார் நேருக்கு நேர் மோதினால் எஞ்சின் அறை நசுங்கும், ஸ்டீரிங் பெட்டி பின்னால் தள்ளப்படும், அந்தத் தடி ஈட்டியாக உள்ளே வரும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் சாகினாப் பிரிவு ஏழு நிலைகளில் நிற்கும் டில்ட் ஸ்டீரிங்கை 1963-இலேயே கொண்டுவந்துவிட்டது. ஆனால் மோதலில் நசுங்கி விசையை உள்வாங்கும் காலம் அந்த நிறுவனத்தின் கார்களில் 1967 மாடல்களில்தான் வந்தது. அதாவது வசதி முதலில், உயிர் பின்னால். 1968 ஜனவரி 1 முதல் அங்கே நடைமுறைக்கு வந்த 203, 204 எண்ணுள்ள இரண்டு பாதுகாப்புத் தரங்கள் இதைக் கட்டாயமாக்கின. மணிக்கு 48 கிலோமீட்டர் வேகத்தில் சுவரில் மோதும் சோதனையில் ஸ்டீரிங் காலத்தின் மேல்முனை 127 மில்லிமீட்டருக்கு மேல் பின்னுக்கு வரக் கூடாது என்பது அதில் ஒன்று. ஐ.நா.வின் 12-ஆம் எண் வாகன ஒழுங்குவிதியிலும் அதே 127 மில்லிமீட்டர்தான். இந்தியாவில் ஏஐஎஸ் (வாகனத் தொழில் தரம்) 096 என்ற தரம் இதே பொருளுக்காக எழுதப்பட்டது.

இதை எப்படிச் சாதிக்கிறார்கள் என்பது கையில் எடுத்துப் பார்த்தால்தான் மனதில் பதியும். தண்டு ஒரே துண்டு அல்ல. ஒன்றுக்குள் ஒன்று நுழையும் இரண்டு துண்டுகள். அவை இயல்பான ஓட்டத்தில் நழுவாமலிருக்கச் சிறு துளைகளின் வழியே உருகிய பிளாஸ்டிக்கைச் செலுத்தி ஊசிகளாக உறையவிட்டிருப்பார்கள். தண்டின் மேல் பொட்டுப்போலத் தெரியும் அந்தப் புள்ளிகள் அவைதான். காலத்தைக் காரின் உடம்போடு பிடித்து வைக்கும் பிராக்கெட்டின் போல்ட்டுகளும் நேராக இரும்பை இரும்போடு இறுக்குவதில்லை. நடுவே கேப்ஸ்யூல் என்று நாங்கள் அழைக்கும் சிறு துண்டு ஒன்று இருக்கும். அதுவும் பிளாஸ்டிக் ஊசிகளால்தான் பிராக்கெட்டோடு ஒட்டியிருக்கும். ஓட்டுநரின் நெஞ்சு வீலில் மோதும் விசையில் ஊசிகள் அறுந்து, பிராக்கெட் கேப்ஸ்யூலைவிட்டு நழுவி, தண்டு தனக்குள்ளேயே சுருங்க வேண்டும். அன்றாடம் உறுதியாக நிற்கவும், ஒரே ஒரு நொடியில் சரியான அளவு விட்டுக்கொடுக்கவும் தெரிந்த பாகம் அது.

வெல்டிங் அடித்த கார் ஒன்று என் பட்டறைக்கு வந்தது, ஹாரன் அடிக்கவில்லை என்ற சாதாரணக் குறைக்காக. கீழ்க்கவரைத் திறந்ததும் முதலில் தெரிந்தது கேப்ஸ்யூலின் பக்கவாட்டில் பழுப்பாக வழிந்து உறைந்திருந்த பிளாஸ்டிக். டேக் அடித்தவர் பிராக்கெட்டின் இரு பக்கத்திலும் நல்ல வேலைப்பாட்டோடு, தாராளமாகவே பற்றவைத்திருந்தார். ஊசிகள் உருகிப் போய், பிராக்கெட்டும் உடம்பும் ஒரே இரும்பாக இருந்தன. அந்தக் காரின் உரிமையாளர் அதற்குள் இரண்டு ஆண்டு ஓட்டியிருந்தார், ஸ்டீரிங் இப்போது பாறைபோல நிற்கிறது என்று மகிழ்ச்சியாகவும் இருந்தார். வெல்டிங் மின்சாரம் பேரிங் வழியாகவும் மின்னணுப் பெட்டிகள் வழியாகவும் பாய்ந்து என்னென்ன செய்திருக்கும் என்பது தனிக் கதை.

இனி, பேஸ் மாடலின் நிலையான ஸ்டீரிங் காலத்தைப் போடுவது பற்றிப் பார்ப்போம். அதே கார், அதே தலைமுறை என்றால் அந்தக் காலமும் அதே மோதல் சோதனையை மனதில் வைத்துச் செய்யப்பட்டதுதான். டில்ட் இல்லை என்பதால் அதன் பாதுகாப்பு குறைவு என்று சொல்ல முடியாது. தேயக்கூடிய பாகங்கள் குறைவு என்பது உண்மையான நன்மை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

நம் நாட்டுச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில் பவர் ஸ்டீரிங் மோட்டார் ஸ்டீரிங் காலத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. தண்டின் நடுவே மெல்லிய முறுக்குக் கம்பி ஒன்று. நீங்கள் வீலைத் திருப்பும்போது அது எவ்வளவு முறுகுகிறது என்பதை ஒரு உணரி அளந்து கணினிக்குச் சொல்கிறது. கணினி மோட்டாருக்கு மின்சாரம் விட, மோட்டார் ஒரு திருகுப் பல்சக்கரத்தின் வழியே தண்டைத் திருப்புகிறது. இவை எல்லாம் ஒரே தொகுப்பு. கம்பெனியில் பெரிய தொகை சொன்னதற்குக் காரணம் அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். டில்ட்டுக்கு மட்டும் அவ்வளவு விலை இருக்காது. இப்போது பேஸ் மாடலைப் பாருங்கள். சில கார்களின் பேஸ் மாடலில் பவர் ஸ்டீரிங்கே இருந்ததில்லை. அதன் காலம் மோட்டார் இல்லாத வெறும் குழாய். அதை உங்கள் காரில் போட்டால் ஓடும், ஆனால் பவர் இல்லாத காருக்கென்று ரேக்கின் விகிதத்தையே மாற்றி, அதிகச் சுற்றுகள் சுற்றும்படி வைத்திருப்பார்கள். உங்கள் ரேக் குறைந்த சுற்றுகளுக்கானது. பார்க்கிங்கில் வீலைத் திருப்ப இரண்டு ஆள் வேண்டும்போல இருக்கும், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கும் அணையாது. ஆகவே பேஸ் மாடலிலும் மின் பவர் ஸ்டீரிங் இருந்து, டில்ட் மட்டும் இல்லாத காராக இருந்தால்தான் இந்தப் பேச்சுக்கே இடம். அப்போதும் பாக எண்ணைக் கம்பெனி உதிரிபாகப் பட்டியலில் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். மோட்டாரின் இணைப்பு முனைகளும் கணினியின் வகையும் பொருந்த வேண்டும். பொருத்திய பிறகு உணரியின் பூஜ்ஜிய நிலையை ஸ்கேனர் வைத்துப் பதிவு செய்யாவிட்டால், கார் நேராகப் போகும்போதே ஒரு பக்கமாக இழுக்கும்.

கோணத்தையும் பார்க்க வேண்டும். உங்கள் காரில் டில்ட் என்பது காலம் முழுவதும் கீழ்முனையை ஊன்றிச் சாய்வது. ஆகவே சாய்க்கும்போதெல்லாம் கீழே இருக்கும் கிராஸ் ஜாயிண்ட்டின் கோணமும் மாறுகிறது. கிராஸ் ஜாயிண்ட்டுக்கு ஒரு குணம் உண்டு: வளைவு அதிகமானால் அது சீராகச் சுழலாது. 30 பாகை வளைவில், நீங்கள் சீராகச் சுற்றினாலும் மறுமுனை ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை சுமார் 15 விழுக்காடு வேகமாகவும் இருமுறை சுமார் 13 விழுக்காடு மெதுவாகவும் திரும்பும். இதை ஈடுகட்டத்தான் நடுத்தண்டின் இரு முனைகளிலும் இரண்டு ஜாயிண்ட் வைத்து, ஒன்றின் குறையை மற்றது நிரப்பும்படி கவைகளை (ஜாயிண்ட்டின் இரு கிளை முனைகளை) ஒழுங்குபடுத்தியிருக்கிறார்கள். நீளமோ சாய்வோ மாறுபட்ட, வேறு காரின் காலத்தைப் போட்டாலோ, நடுத்தண்டைப் பல் மாற்றிச் செருகினாலோ அந்த ஈடு கெட்டுவிடும். வீல் ஒரு சுற்றில் இருமுறை கனத்து இருமுறை இலேசாகும். மோட்டார் கெட்டுவிட்டது என்று நினைத்து மோட்டாரைக் கழற்றுவார்கள். குற்றம் ஜாயிண்ட்டில் இருக்கும்.

புதுப்பேட்டைக்கு வருகிறேன். அங்கே கிடைக்காத பாகம் இல்லை. கதவுக் கைப்பிடிக்கும் முகப்பு விளக்குக்கும் நானே போயிருக்கிறேன். ஸ்டீரிங் காலத்துக்குப் போக மாட்டேன். ஒன்பது ஆண்டுக் கார் பிரிக்கப்பட்டு உதிரியாக வருகிறது என்றால் அது விபத்தில் முன்பக்கம் நொறுங்கிய காராக இருக்க வாய்ப்பு மிகுதி. விபத்தில் ஒருமுறை விட்டுக்கொடுத்த காலம் தன் வேலையைச் செய்து முடித்துவிட்டது; அதை இழுத்து நீட்டி, துடைத்து, மேசையில் வைத்தால் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அப்படியும் வாங்கத்தான் வேண்டும் என்றால், பழைய காலத்தையும் கையோடு எடுத்துப்போய் இரண்டின் நீளத்தையும் டேப் வைத்து அளந்து ஒப்பிடுங்கள். பிளாஸ்டிக் புள்ளிகள் முழுதாக இருக்கின்றனவா, தண்டை அச்சுவாக்கில் இழுத்தால் அசைகிறதா, கேப்ஸ்யூலுக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே இடைவெளி தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்றில் சந்தேகம் வந்தாலும் வேண்டாம்.

பொருத்தும் வேலையில் நான் கண்ணால் பார்த்து உறுதிசெய்யும் சில இடங்கள் உண்டு. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, கையேட்டில் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் ஏர்பேக்கைத் தொட வேண்டும். கழற்றிய ஏர்பேக்கை அதன் முகம் மேலே பார்க்கும்படி தனியே வைக்க வேண்டும். வீலுக்கு அடியில் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் என்பது சுருட்டிய நாடாபோன்ற மின்கம்பி. கீழே ஜாயிண்ட்டைப் பிரித்த நிலையில் யாராவது விளையாட்டாக வீலைச் சுற்றிவிட்டால், பிறகு ஓட்டும்போது அந்த நாடா ஒரு பக்கத் திருப்பத்தின் கடைசியில் அறுந்துவிடும். ஆகவே முன் டயர்களை நேராக வைத்து, சீட் பெல்ட்டை வீலுக்குள் விட்டுக் கட்டிவிடுவது எங்கள் வழக்கம். சாவிப் பூட்டைப் பழைய காலத்திலிருந்து மாற்ற வேண்டியிருக்கும். அதன் போல்ட்டுகள் தலை முறியும்படி செய்யப்பட்டவை என்பதால் உளி வைத்தோ துளை போட்டோதான் எடுக்க முடியும். ஆனால் அந்த அடியைக் காலத்தின் முனையில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. தண்டின் நுனியில் சுத்தியலால் தட்டுவது கண்ணுக்குத் தெரியாமல் ஊசிகளை அறுக்கும் மிகச் சுலபமான வழி.

ஜாயிண்ட்டின் நெருக்குப் போல்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. தண்டின் நுனியில் ஒரு பள்ளம் வெட்டியிருப்பார்கள். போல்ட் அந்தப் பள்ளத்தின் வழியாகப் போக வேண்டும். தண்டு முழுதாக உள்ளே போகாமல் போல்ட் பள்ளத்துக்கு வெளியே இறுகினாலும் கார் ஓடும், பல நாள் ஓடும். பிறகு ஒருநாள் தண்டு கழன்று வரும், வீல் கையில் சுற்றும், டயர் திரும்பாது. டார்ச் அடித்துப் பார்க்காமல் அந்த வேலையை முடித்ததாக நான் ஏற்றுக்கொள்வதில்லை. ஸ்டீரிங் இணைப்புகளின் போல்ட்டுகள் சரியாகப் பூட்டப்பட்டிருக்க வேண்டும் என்பதும் மேலே சொன்ன 98-ஆவது விதியிலேயே இருக்கிறது. பிராக்கெட் நட்டுகளுக்கு, இறுக்கத்தை அளந்து பூட்டும் டார்க் ரெஞ்ச் மட்டும்தான். இம்பாக்ட் கன் வைத்து இறுக்கினால் கேப்ஸ்யூல் நசுங்கி, விட்டுக்கொடுக்க வேண்டிய நேரத்தில் விடாது.

சட்டப் பக்கம் சுருக்கமாக. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வாகனத்தை மாற்றுவதைத் தடுக்கிறது; 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்தமாகவே சொல்லியிருக்கிறது. அதே மாடலின் வேறொரு வகைக்கான கம்பெனிப் பாகம் என்றால் பாக எண்ணும் ரசீதும் உங்கள் பக்கம் பேசும். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத பழைய காலமோ வெல்டிங்கோ என்றால், விபத்துக்குப் பின் இன்சூரன்ஸ் ஆய்வாளர் முன் உங்களுக்குப் பேச எதுவும் இருக்காது.

கடைசியாக ஒன்றைக் கேட்டுவிடுகிறேன்: அந்தக் காரை வீட்டில் வேறு யாராவது ஓட்டுகிறார்களா? நிலையான காலம் நடுத்தர உயரத்துக்கு வைத்துச் செய்யப்பட்டது. உயரம் குறைந்தவர் மீட்டரைப் பார்க்கவும் பெடலை எட்டவும் சீட்டை முன்னால் இழுத்து வீலோடு ஒட்டி உட்கார்வார்; ஏர்பேக் மூடிக்கும் நெஞ்சுக்கும் இடையே குறைந்தது 25 சென்டிமீட்டர் இருக்க வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் கணக்கு. மாற்றுவதற்கு முன் இப்போதைய டில்ட்டை நடு நிலையில் பிடித்து நிறுத்தி, காரை ஓட்டும் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து அந்த இடைவெளியை ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள். ஒருவருக்காவது 25-க்குக் கீழே வந்தால், சீட்டின் சாய்வையும் உயரத்தையும் மாற்றியும் அது சரியாகாவிட்டால், செலவு கூடினாலும் டில்ட் உள்ள புதிய காலத்தையே போட்டுக்கொள்ளுங்கள்.